பைக் டயரில் பள்ளங்கள் எதற்கு? கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலையில் பைக், ஸ்கூட்டர் டயர் மாற்றும் கடையில் பதினேழு வருடமாக வேலை பார்க்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும். ஜூனில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இரண்டு தடவையும் முதல் வாரத்தில் கடையில் கூட்டம் சேரும், அதே சந்தேகங்கள் திரும்ப வரும். கையில் ஸ்பேனரோடு நிற்கும்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பள்ளம் என்று நான் எழுதுவதைச் சிலர் வரி என்பார்கள், சிலர் வெட்டு என்பார்கள். பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பருக்குப் பட்டன் என்று பெயர்.

டயர்ல எதுக்கு இந்தக் கோடெல்லாம்? சும்மா அழகுக்குத்தானா?

தண்ணீர் போவதற்கு. ஈரச் சாலையில் டயர் பிடித்து நிற்க வேண்டுமானால் ரப்பர் தாரைத் தொட வேண்டும். நடுவில் தண்ணீர் இருந்தால் தொடாது. அந்தத் தண்ணீர் ஒதுங்கிப் போக ஒரு வழி வேண்டும், அந்த வழிதான் பள்ளம்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர். டயர் தரையைத் தொடும் இடம் ஆறு சென்டிமீட்டர் அகலம், சாலையில் 2 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடியும் ஒரு டயர் சுமார் இரண்டு லிட்டர் தண்ணீரை ஒதுக்கியாக வேண்டும். ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கிற நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு. ஓரத்துக்குப் பிதுங்கிப் போகிற தண்ணீர் போக மீதியைப் பள்ளம் வாங்கிக்கொள்ள வேண்டும். பள்ளம் தேய்ந்த டயர் ஏன் வழுக்குகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பள்ளம் அதிகமா இருந்தா பிடிப்பும் அதிகம்தானே அண்ணாச்சி?

காய்ந்த தார்ச்சாலையில் இல்லை. அங்கே பிடிப்பு தருவது ரப்பர்தான், பள்ளம் அல்ல. சாலையில் நீட்டிக்கொண்டிருக்கும் பொடிக்கல்லின் மேல் ரப்பர் அமுங்கி, அதன் வடிவத்துக்கு வளைந்து, ஒட்டிப் பிடிக்கிறது. பள்ளம் இருக்கும் இடத்தில் தொடுவதற்கு ரப்பரே கிடையாது.

தொடும் இடமும் பெரிதல்ல. 110 கிலோ வண்டி, 70 கிலோ ஆள், மொத்தம் 180 கிலோ. டயரில் இருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ தாங்குகிறது. அப்படியானால் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடுவது ஏறக்குறைய 90 சதுர சென்டிமீட்டர். ஒரு டயருக்கு 45. விரலை மடக்கிவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள், அதைவிடச் சின்ன இடம். நம் உயிர் அந்த இடத்தின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதில் எவ்வளவு ரப்பருக்கு, எவ்வளவு தண்ணீர் போக என்று பங்கு பிரிப்பதுதான் டயர் வடிவமைப்பவர்களின் வேலை.

அப்போ மழையே பெய்யாத ஊர்ல பள்ளம் தேவையில்லையா?

நல்ல தார், துளி மணல் இல்லை, மழையும் இல்லை என்றால் தேவையில்லை. அப்படி ஒரு சாலையை நான் பார்த்ததில்லை. தெருவோர மணல், சல்லி, சேறு இருக்கும் இடத்தில் பட்டனின் விளிம்பு கடித்துப் பிடிக்க வேண்டும். டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கவும் பள்ளத்தை விட்டால் வேறு வழியில்லை.

ரேஸ் வண்டிக்கு மொட்டை டயர்தானே போடுறாங்க? எனக்க மொட்டை டயர் மட்டும் எப்படித் தப்பாகும்?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு ஒருவராவது கேட்பார். மோட்டோ ஜிபி பந்தயத்தில் காய்ந்த தடத்தில் பள்ளமே இல்லாத டயர் போடுவது உண்மை. காரணம் முந்தின பதிலில் இருக்கிறது: பள்ளம் இல்லையென்றால் தொடும் ரப்பர் அதிகம். ஆனால் அதே பந்தயத்தில் மழை வந்துவிட்டால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் தடத்தின் ஓரத்தில் வண்டிகளைக் கவனிக்கும் பிட் என்ற இடத்துக்குள் வந்து, பள்ளம் வெட்டிய மழை டயர் மாட்டிய இன்னொரு வண்டியில் ஏறிப் போகிறார். உலகத்திலேயே நன்றாக வண்டி ஓட்டுபவர்கள்கூட ஈரத்தில் மொட்டை டயரை நம்புவதில்லை.

அடுத்தது, அந்த ரப்பரும் இந்த ரப்பரும் ஒன்றல்ல. பந்தய டயரின் ரப்பர் மிக மிருது. ஓட்டுவதற்கு முன்பே மின்சாரப் போர்வை சுற்றிச் சூடேற்றி வைப்பார்கள், ஆறிப்போனால் அதுவும் வழுக்கும். ஒரு பந்தயம் ஓடினாலே அதன் நல்ல காலம் பெரும்பாலும் முடிந்துவிடும். உங்கள் டயர் பல ஆயிரம் கிலோமீட்டர் உழைக்கவென்று கெட்டியாகச் செய்தது. அது மொட்டையானால் மிச்சம் இருப்பது வெயிலில் இறுகிய ரப்பரின் கடைசி அடுக்கு. அதற்குக் கீழே டயருக்குப் பலம் தரும் நூல் அடுக்கு. ஆணி சுலபமாக இறங்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மொட்டை டயர் காய்ந்த சாலையில் ஓரளவு நன்றாகவே நிற்கும். அதுதான் ஆபத்து. "நல்லாத்தானே நிக்குது" என்று நான்கு மாதம் ஓட்டியிருப்பார்கள். மழை விழுகிற அன்றுதான் குறை வெளியே வரும், அன்று அது தெரிவது கீழே விழுந்த பிறகு.

டயர் கண்டுபிடிச்ச காலத்துலேயே பள்ளம் இருந்ததா?

இல்லை. பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது அது வழவழப்பாகத்தான் இருந்தது. அன்றைய மிதிவண்டி வேகத்துக்கு அது போதும். மோட்டார் வண்டி வந்து வேகம் கூடியபோதுதான் வழுக்குவது பெரிய தொல்லையானது. 1908இல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி ஒரு டயர் விட்டது. அதில் பட்டன்களுக்குப் பதிலாக "நான்-ஸ்கிட்", அதாவது வழுக்காது, என்ற எழுத்துகளையே மேடாகச் சாய்த்து டயர் முழுக்கச் சுற்றி வைத்திருந்தார்கள். எழுத்தின் விளிம்புகள் மண்ணைக் கடித்துப் பிடித்தன, ஈரச் சாலையில் வண்டி போன தடத்தில் கம்பெனியின் விளம்பரமும் பதிந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான்.

எனக்க வண்டிக்க முன் டயர்ல நேர் கோடு, பின் டயர்ல கட்டம் கட்டமா இருக்கே. ஏன் ஒரே மாதிரி இல்ல?

இரண்டுக்கும் வேலை வேறு. பின் டயர் வண்டியைத் தள்ளுகிறது. முன்னும் பின்னுமாக விசை அதிகம், மண் சாலையிலும் இழுத்துப் போக வேண்டும். அதனால் குறுக்கே விளிம்பு உள்ள பட்டன்கள். முன் டயர் திசை காட்டுகிறது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைத் தாங்குகிறது. சுற்றிலும் ஓடும் நேர் வரி வண்டி பக்கவாட்டில் நழுவாமல் வைத்துக்கொள்ளும், தண்ணீருக்கும் நேர்வழி தரும், லேசாகவும் உருளும். பழைய 100 சிசி வண்டிகளில் முன்னால் இந்த நேர்வரி டயர்தான் வந்தது. இப்போது வரும் பல வண்டிகளில் இரண்டிலும் வளைந்த பள்ளங்கள் வருகின்றன, ஆனால் உற்றுப் பார்த்தால் அங்கேயும் வித்தியாசம் இருக்கும். அதனால்தான் பின் டயரை முன்னால் மாட்டச் சொன்னால் மாட்ட மாட்டேன் என்கிறேன்.

டயர் மாத்தற நேரம் வந்தாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

டயரின் பக்கச் சுவரில், மேல் விளிம்பை ஒட்டி, ஒரு சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அங்கிருந்து நேராகப் பள்ளத்துக்குள் பாருங்கள். அடியில் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் திட்டு தெரியும். சுற்றி இருக்கும் பட்டன் தேய்ந்து அந்தத் திட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பைக் டயரில் பொதுவாக அந்தத் திட்டின் உயரம் 0.8 மில்லிமீட்டர். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் இருசக்கர வண்டிக்கு அந்த 0.8 மில்லிமீட்டரைத்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. காருக்கு 1.6.

அளவுகோல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஏடிஎம் அட்டையின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். பள்ளத்தின் ஆழம் ஓர் அட்டையின் தடிமன்தான் என்றால் சட்டப்படியே டயர் முடிந்துவிட்டது. நான் சொல்வது அதற்கு முன்பே மாற்றச் சொல்லி. புதுப் பின் டயரில் சுமார் 6, 7 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். மழைக்காலம் தொடங்கும்போது 2 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், அதாவது மூன்று அட்டை அடுக்கிய தடிமன்கூட இல்லையென்றால், அந்த மழையை அந்த டயரில் தாண்ட வேண்டாம். சட்டம் சொல்வது கடைசி எல்லை. அது பாதுகாப்பான அளவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நடுவுல தேஞ்சிருக்கு, ஓரத்துல புதுசு மாதிரி இருக்கு. இன்னும் ஓட்டலாம்ல?

ஓட்டக் கூடாது. நேராகப் போகும்போது தரையைத் தொடுவது நடுப்பகுதிதான், பிரேக் பிடிப்பதும் பெரும்பாலும் நேராகப் போகும்போதுதான். ஓரத்துப் பள்ளம் அப்போது காற்றில் நிற்கிறது.

இதில் இன்னொரு கேடும் உண்டு. நாகர்கோவில், திருநெல்வேலி என்று நான்குவழிச் சாலையிலேயே ஓடும் வண்டிகளின் பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். கையால் தடவினால் இரண்டு பக்கமும் ஒரு முனை தட்டும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது அந்த முனையைத் தாண்டும் இடத்தில் வண்டி சட்டென்று விழுவதுபோல் இருக்கும். கீரிப்பாறை, பேச்சிப்பாறை பக்கம் வளைந்து வளைந்து போகிறவர்களுக்கு இது உடனே தெரியும். காற்றை அளவுக்கு மேல் அடித்து ஓட்டினாலும் நடு சீக்கிரம் தேயும்.

டயர்ல அம்புக்குறி போட்டிருக்கே, மாத்தி மாட்டினா என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது, அதனால்தான் பலருக்கும் மாற்றி மாட்டியது தெரிவதே இல்லை. ஆனால் பள்ளம் தண்ணீரை நடுவிலிருந்து வெளியே தள்ளுவதற்காக ஒரு திசையில் சாய்த்து வெட்டப்பட்டிருந்தால், தலைகீழாக மாட்டும்போது அந்த வேலை குறையும். பட்டன்களும் ஒரு பக்கமாகத் தேயும். அம்பு காட்டும் பக்கமே சக்கரம் சுற்ற வேண்டும். பஞ்சர் ஒட்டிய பிறகு வண்டியை எடுக்கும்முன் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆனா முன் டயர்ல வி மாதிரி இருக்கற வெட்டு, பின் டயர்ல இருக்கறதுக்கு எதிர்ப்பக்கம் பார்க்குதே? கம்பெனிக்காரன் தப்பா போட்டுட்டானா?

தப்பில்லை. உன்னிப்பாகப் பார்ப்பவர்கள்தான் இதைக் கேட்பார்கள். பின் டயருக்கு வருகிற பெரிய விசை வண்டியைத் தள்ளும்போது. முன் டயருக்கு வருகிற பெரிய விசை பிரேக் பிடிக்கும்போது. இரண்டும் எதிரெதிர்த் திசை. டயர் செய்யும்போது மேல் ரப்பரை ஒரு பட்டையாகச் சுற்றி, இரு முனையையும் சாய்வாக வெட்டி ஒட்டுவது உண்டு. விசை அந்த ஒட்டைப் பிரிக்கும் பக்கமாக வராமல் அழுத்தும் பக்கமாக வரும்படி அம்பு போடுகிறார்கள். பட்டன் ஒருசாய்வாகத் தேய்வதும் இதனால் குறைகிறது. சில டயர்களில் இரண்டு அம்புகளே இருக்கும், முன்னால் மாட்டினால் இந்தத் திசை, பின்னால் மாட்டினால் அந்தத் திசை என்று.

அப்படியானால் முன் டயரில் தண்ணீர் உள்ளே குவியாதா என்று அடுத்துக் கேட்பார்கள். பைக் டயர் உருண்டையானது, தொடும் இடம் குறுகலானது. தண்ணீர் ஓரத்துக்குப் போக வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர்தான், கோடு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பெரும்பகுதி போய்விடும்.

காருதான் தண்ணியில மிதக்கும்னு சொல்றாங்க. பைக்குக்கும் அது வருமா?

வரும், ஆனால் காரைவிடத் தாமதமாக வரும். காரின் டயர் அகலம், தட்டை. தண்ணீரை முன்னால் வாரிக்கொண்டு போகும். பைக் டயர் வள்ளத்தின் முன்முனைபோலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் வேகம் கூடி, முதல் பதிலில் சொன்ன அந்த இரண்டு லிட்டர் மூன்று, நான்கு என்று ஏறும்போது, பள்ளம் நிரம்பிவிட்டால் மிச்சத் தண்ணீர் டயரைத் தூக்கும். கார் மிதந்தால் சறுக்கி எங்கேயோ போய் நிற்கும். பைக்கின் முன் சக்கரம் மிதந்தால் விழுவதுதான்.

கைப்பிடி திடீரென்று லேசானதுபோல் இருந்தால் அதுதான் அடையாளம். அப்போது பிரேக்கைத் தொடாமல், திருப்பாமல், ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் தளர்த்துங்கள். நம் ஊர்ச் சாலைகளில் தண்ணீர் தேங்குவது ஓரத்திலும் பாலத்தின் இறக்கத்திலும். அங்கே 40க்குக் கீழே போனால் இந்தப் பயமே வேண்டாம்.

மழையில காத்தைக் கொஞ்சம் குறைச்சுவிட்டா பிடிப்பு கூடும்னு சொல்றாங்களே?

இது மணலில் ஓட்டுபவர்கள் செய்வது, மழைச் சாலைக்குப் பொருந்தாது. காற்று குறைந்தால் தொடும் இடம் பெரிதாகும், அது உண்மை. ஆனால் அந்த இடத்தில் அழுத்தம் குறைந்துவிடும். தண்ணீரை நசுக்கி வெளியேற்றுவது அந்த அழுத்தம்தான். கூடவே, தளர்ந்த டயரில் பட்டன்கள் நெளிந்து பள்ளத்தின் வாயும் சுருங்கும்.

1960களில் நாசா பொறியாளர்கள் விமான டயர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று கண்டார்கள். அவர்கள் கணக்குப்படி 32 பிஎஸ்ஐ காற்றுக்குச் சுமார் 94 கிலோமீட்டர் வேகம். காற்றைப் பாதியாக, 16 ஆக்கினால் சுமார் 67. விமானக் கணக்கு பைக்குக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் போகும் திசை ஒன்றுதான். காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும். செயின் கவரிலோ கையேட்டிலோ கம்பெனி எழுதியிருக்கும் அளவை மழையிலும் வெயிலிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டன் டயர் போட்டா மழையில நல்லா நிக்கும்ல?

சேற்றில் நிற்கும். ரப்பர் தோட்டத்துக்குள்ளே பால் எடுக்கப் போகிறவர்களுக்கு நானே பெரிய பட்டன் டயர்தான் சொல்வேன். சேற்றில் பட்டன் இறங்கிக் கடிக்க வேண்டும், அகலமான இடைவெளியில் சேறு ஒட்டாமல் உதிர வேண்டும். நனைந்த தார்ச்சாலையில் கதை வேறு. அங்கே தொடும் ரப்பர் பாதியாகிவிடுகிறது, உயரமான பட்டன் பிரேக் பிடிக்கும்போது வளைகிறது. வேகத்தில் இரைச்சலும் வரும், சீக்கிரமும் தேயும். அலுவலகம் போய் வருகிறவர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்று இதைப் போடுவது வீண்செலவு, மழையில் கொஞ்சம் ஆபத்தும்கூட.

பள்ளம் முழுசா இருக்கு, ஆனாலும் வழுக்குது. எப்படி?

டயருக்கு வயசாகியிருக்கும். போன வருடம் வளைகுடாவிலிருந்து ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்த ஒருவர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கையில் சிராய்ப்பு. டயர் கடையிலிருந்து நேற்று வாங்கியதுபோல இருந்தது, புது டயரின் ரப்பர் முடிகூட ஓரத்தில் உதிரவில்லை. வீட்டு ஷெட்டிலேயே நின்ற வண்டி. நான் பட்டன் மேல் நகத்தை அழுத்தினேன். நல்ல டயரில் நகம் லேசாக இறங்கும், எடுத்ததும் தடம் மறையும். இதில் பலகை மேல் அழுத்தியதுபோல இருந்தது. பள்ளத்தின் அடியில் முடிபோலப் பொடி வெடிப்புகள். தண்ணீர் போக வழி இருந்தது, பிடிக்கத்தான் ரப்பர் இல்லை.

பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். 3518 என்றால் 2018இன் 35ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடம் ஆனால் பள்ளம் எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். வாங்கும்போதும் இந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பட்டன் மேல மெலிசா கத்தியால கீறின மாதிரி கோடு இருக்கே, அது வெடிப்பா?

ஒரே அளவில், ஒரே இடைவெளியில், டயர் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் அது கம்பெனி போட்ட கீறல். பெரிய பள்ளம் தண்ணீரின் பெரும்பகுதியைத் தள்ளிய பிறகும் சாலையில் ஒரு மெல்லிய ஈரப்படலம் நிற்கும். இந்தக் கீறல்களின் விளிம்பு அதைத் துடைத்து எடுக்கும். அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் 1923இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வழுக்கும் ஈரத்தரையில் நிற்பதற்காகத் தன் காலணியின் அடியில் கத்தியால் கீறிப் பார்த்து இந்த யோசனைக்கு வந்தார் என்று சொல்வார்கள். ஒழுங்கில்லாமல் கோணல்மாணலாக, பள்ளத்தின் அடியிலும் பக்கச் சுவரிலும் தெரிந்தால் அது முந்தின பதிலில் சொன்ன வயசு வெடிப்பு.

புது டயர் போட்டதும் வழுக்கின மாதிரி இருக்கு. மேல முடி முடியா வேற நீட்டிட்டு இருக்கு, அதை வெட்டிடலாமா?

டயரை அச்சில் வேகவைக்கும்போது காற்று வெளியேறச் சின்னத் துளைகள் விடுவார்கள். அதில் புகுந்த ரப்பர்தான் அந்த முடி. வெட்ட வேண்டாம், தானே உதிரும். வழுக்குவது உண்மைதான். அச்சிலிருந்து வந்த மேல்தோல் வழவழப்பாக இருக்கும். சாலையில் உரசி அது சொரசொரப்பாகும்வரை, முதல் 150 கிலோமீட்டருக்கு, சாய்த்துத் திருப்புவதையும் திடீர் பிரேக்கையும் தவிர்த்துவிடுங்கள். வண்டி கழுவும் இடத்தில் டயருக்குப் போடும் பாலிஷ் பக்கச் சுவரோடு நிற்கட்டும். மேல் ரப்பரில் பட்டால் ஓடும் டயரையும் அது வழுக்க வைக்கும்.

கையில காசு கொஞ்சம்தான் இருக்கு. முன்னாலயா பின்னாலயா, எதை முதல்ல மாத்த?

பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் எல்லோரும் அதையே மாற்றுவார்கள். முன் டயர் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் கிடைக்காது. இரண்டும் எல்லையில் இருந்தால் இரண்டையும் மாற்றியாக வேண்டும், ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் முன் டயரைச் சொல்வேன். மற்றதை மாற்றும்வரை மழையில் வண்டியை எடுக்காதீர்கள்.

சூட்டுக் கத்தியால பள்ளம் வெட்டித் தர்றாங்களே, நூத்தம்பது ரூபாயில முடிஞ்சிடுதே?

தயவுசெய்து வேண்டாம். லாரி டயர்களில் சிலவற்றைத் திரும்ப வெட்டலாம் என்றே கம்பெனி முத்திரை போட்டு, அதற்கென்று அடியில் கூடுதல் ரப்பர் வைத்துச் செய்திருக்கும். பைக் டயரில் அந்தக் கூடுதல் ரப்பர் கிடையாது. தேய்ந்த டயரில் நூலுக்கு மேலே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம். கத்தி அதைக் கிழித்து நூலைத் தொட்டுவிடும், தண்ணீர் உள்ளே இறங்கும், ஒருநாள் வேகத்தில் வெடிக்கும். இப்படி வெட்டிய டயரைக் கழற்றி உள்பக்கத்தை விளக்கில் பிடித்துப் பார்த்திருக்கிறேன், வெட்டின கோடு உள்ளே நிழலாகத் தெரிந்தது.

ஏபிஎஸ் இருக்கற வண்டிக்கு டயர் தேஞ்சா பரவாயில்லையா?

ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இருக்கிற பிடிப்பைச் சரியாகப் பயன்படுத்தும், இல்லாத பிடிப்பைக் கொண்டுவராது. மொட்டை டயரில் ஏபிஎஸ் பிடித்தால் விழாமல் நீண்ட தூரம் போய் முன்னால் நிற்கும் பஸ்ஸில் இடிப்பீர்கள்.

நல்ல டயர்தான், ஆனா முதல் மழையில ரவுண்டானாவுல விழுந்துட்டேன். பள்ளம் என்ன செஞ்சது?

பள்ளம் தண்ணீரைத்தான் தள்ளும். பல மாதமாகச் சாலையில் படிந்த எண்ணெய், டீசல், டயர்த்தூள், தூசி எல்லாம் முதல் தூறலில் ஊறிக் குழம்பாகிறது. அது ரப்பரின் மேலேயே பூசிக்கொள்கிறது. அதற்குப் பள்ளம் மருந்தல்ல. நன்றாகக் கொட்டி அரைமணி நேரம் கழுவிவிட்ட சாலை, முதல் பத்து நிமிடத் தூறலில் நனைந்த சாலையைவிட நல்லது. வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, ரயில்வே கேட் தண்டவாளம் இவையும் அப்படித்தான். ரப்பர் அமுங்கிப் பிடிக்கப் பொடிக்கல்லே இல்லாத வழவழப்பு. அதன் மேல் நேராகப் போங்கள், சாய்க்காதீர்கள், அதன் மேல் இருக்கும்போது பிரேக் வேண்டாம்.

ரோட்டைச் சுரண்டிப் போட்டிருக்கற இடத்துல வண்டி தானா ஆடுது. புது டயர், அது சரியில்லையா?

டயர் சரிதான். புதுத் தார் போடுவதற்கு முன்னால் பழைய தாரை இயந்திரத்தால் சுரண்டும்போது சாலையில் நீளவாக்கில் கோடு கோடாகப் பள்ளம் விழும். டயரின் வரிகள் அந்தக் கோடுகளுக்குள் இறங்கி, அவை போகும் பக்கமாகவே போகப் பார்க்கும். முன்னால் நேர்வரி டயர் இருந்தால் இன்னும் அதிகம். இந்தப் பக்கம் இழுக்கிறது, அந்தப் பக்கம் இழுக்கிறது என்று பயந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடும். பிடியைத் தளர்த்தி, முழங்காலால் டேங்க்கை அணைத்துக்கொண்டு, ஒரே வேகத்தில் நேராகப் போங்கள். வண்டி லேசாக நெளியும், விழாது. நல்ல சாலை வந்ததும் நின்றுவிடும்.

நல்ல சாலையிலும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் அப்போது கோளாறு டயரில் அல்ல. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கைக் கீழே பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று தட்டினால் கோன்செட், அதாவது கைப்பிடி திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங், தளர்ந்திருக்கிறது. சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டும்போது தட்டினால் சக்கரத்தின் பேரிங். இரண்டையும் டயர் கடையில் சரிசெய்ய முடியாது, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.